ரிலையன்ட் சிமிட்டார் ஜிடிஇ: கையைக் கடிக்காமல் வைத்து ஓட்டுவது எப்படி

1970இல் இங்கிலாந்தில் ஒரு காலன் ஃபோர் ஸ்டார் எனும் உயர்தர பெட்ரோல் ஏறக்குறைய 33 பென்ஸ், பழைய நாணயத்தில் ஆறரை ஷில்லிங்குக்குச் சற்று மேல். சிமிட்டார் ஜிடிஇ என்ற பழைய பிரிட்டிஷ் கார் காலனுக்கு 22 மைல் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10,000 மைல் ஓட்டுபவருக்கு 455 காலன், அதாவது சுமார் 150 பவுண்டு. சாலை வரி 25 பவுண்டு. 1975 வந்தபோது பெட்ரோல் 72 பென்ஸைத் தொட்டிருந்தது. அதே ஓட்டத்துக்கு 327 பவுண்டு. சாலை வரி 40, இரண்டே ஆண்டில் அது 50. மூன்று லிட்டர் இன்ஜின் வைத்திருந்தவர்கள் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வண்டியை விற்றுவிட்டு ஓடியதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

இன்று அந்தக் கணக்கு தலைகீழ். நாற்பது வயது கடந்த வண்டிக்குப் பிரிட்டனில் சாலை வரி கிடையாது. 2018 மே மாதம் முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு ஆண்டுப் பரிசோதனையான எம்ஓடியும் கட்டாயமில்லை. லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு வளையத்திலும் அது கட்டணம் இல்லாமல் போய்வரலாம். பழைய காரை ஆண்டுக்கு 3,000 மைல் ஓட்டினாலே பெரிது. அதற்கு 136 காலன், லிட்டரில் 620. உங்கள் ஊர் பங்க் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அன்று செலவு தின்றது பெட்ரோல் தொட்டி. இன்று தின்பது சேஸிஸ், அதாவது பாடியை அடியில் தாங்கும் இரும்புச் சட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்குபவருக்கு இந்த வண்டி மலிவு. மறந்தவருக்கு யானைத் தீனி.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்

மூன்று சக்கர வண்டிகளுக்குப் பேர்போன டாம்வர்த் நகரத்து ரிலையன்ட் நிறுவனம் 1968 அக்டோபரில் வெளியிட்ட வண்டி இது. வடிவம் ஓகிள் டிசைனின் டாம் கேரனுடையது. ஸ்போர்ட்ஸ் காரின் நீண்ட மூக்கு, பின்னால் எஸ்டேட் காரின் கூரை, தூக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவு, தனித்தனியாக மடியும் பின் இருக்கைகள். நான்கு பேர் உட்காரலாம், அல்லது இரண்டு பேரும் ஒரு வீட்டுச் சாமானும். இளவரசி ஆனுக்கு 1970இல் பெற்றோர் தந்த பரிசும் இதுதான். அதற்குப் பிறகும் அவர் அடுத்தடுத்து ஜிடிஇக்களே வைத்திருந்தார்.

முதல் வகை எஸ்இ5. 1970களின் தொடக்கத்தில் உள் அலங்காரம் மாறி எஸ்இ5ஏ ஆனது, 1975 வரை வந்தது. பிறகு வந்த எஸ்இ6 நீளத்திலும் அகலத்திலும் பெரிது, சொகுசும் கூடுதல். 1980இல் வந்த எஸ்இ6பியில் ஃபோர்டின் 2.8 லிட்டர் கொலோன் வி6, அதாவது ‘வி’ வடிவில் இரு வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட இன்ஜின். இங்கே சொல்வது 3 லிட்டர் எஸெக்ஸ் வி6 கொண்ட எஸ்இ5, எஸ்இ5ஏ பற்றி. சேஸிஸ், எர்த், ஃபைபர் விஷயங்கள் எல்லா வகைக்கும் பொருந்தும்.

வாங்கும் முன்: பளபளப்பைப் பார்க்காதீர்கள்

பாடி முழுக்க ஃபைபர் கிளாஸ். துருப்பிடிக்காது. ஆபத்தே அங்கேதான். இரும்பு பாடி உள்ள காரில் கதவடியில் துரு எட்டிப் பார்த்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். இதில் மேலே மாப்பிள்ளை போல நிற்கும், கீழே சேஸிஸ் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

பழைய உடை, ஒரு டார்ச், கைப்பிடி கனமான திருப்புளி, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி. இவற்றோடு போங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுக்கும் விற்பனையாளரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு, உடைந்த பானையைத் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். தட்ட வேண்டிய இடங்கள்:

முதன்மைச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் அவுட்ரிக்கர் கைகள். முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு இவற்றின் மேல்முகத்தில் தங்கும், அதனால் அடியிலிருந்து பார்த்தால் கெடாதது போலவே தோன்றும். கண்ணாடியை மேலே நீட்டிப் பாருங்கள்.

பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் டிரெயிலிங் ஆர்ம்கள் சேஸிஸில் மாட்டும் இடம். இங்கே அரிப்பு இருந்தால் ஆக்ஸிலே இடம் பெயரும்.

சீட் பெல்ட் ஆங்கர்கள். பெல்ட் ஃபைபரில் தொங்கிப் பயனில்லை, இரும்பில்தான் பிடிக்க வேண்டும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான கீழ் விஷ்போன் மாட்டும் இடம், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பகுதி.

புதிதாகத் தார் போலக் கறுப்புப் பூச்சு கனமாக அடித்திருந்தால் அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திரை என்று எடுத்துக்கொண்டு, அதன் மேலும் தட்டுங்கள்.

ஓரிரு அவுட்ரிக்கர் மட்டும் போயிருந்தால் புதிது வெட்டி வெல்டிங் வைக்கலாம். வெல்டிங் பொறி ஃபைபரில் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் நனைத்த கனத்த துணியும், தீயணைப்பானுடன் இரண்டாவது ஆளும் வேண்டும். முதன்மைச் சட்டமே போயிருந்தால் பாடியைத் தூக்க வேண்டியதுதான். பாடி சேஸிஸோடு போல்ட்டால்தான் பூட்டியிருக்கிறது, ஆனால் ஐம்பது ஆண்டுத் துரு அதை ஒரே உடம்பாக்கியிருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே ஊடுருவும் எண்ணெய் விட்டுக்கொண்டே வாருங்கள். திரும்பாத தலையை வெட்டி எடுங்கள். கோபத்தில் நெம்பினால் ஃபைபர் கிழியும்.

சேஸிஸ் தனியாக வந்துவிட்டால் பெயின்ட் அடித்துத் திருப்தி அடையாதீர்கள். மணலடித்து, வெல்டிங் முடித்து, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுங்கள். முக்குவதற்கு முன் மூடிய பெட்டிக் குழாய் ஒவ்வொன்றிலும் காற்றுத் துளை போட்டிருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அடைபட்ட குழாய்க்குள் ஈரம் இருந்தால் 450 டிகிரி துத்தநாகத்தில் அது வெடிக்கும். தொழிற்சாலையே பிற்காலத்தில்தான் இந்தப் பூச்சுக்கு வந்தது. செலவு பெரிது, ஆனால் ஒருமுறைதான்.

எஸெக்ஸ் இன்ஜின்: இரண்டு சிறு துண்டுகள்

2,994 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், பளு அதிகம், முரட்டு உழைப்பாளி. ஃபோர்டு ஸோடியாக், கேப்ரி, கிரனாடாவில் இருந்ததே இதிலும். ஆகவே உதிரிபாகம் தேடும்போது சிமிட்டார் என்று கேட்காமல் கேப்ரி 3000 என்று கேளுங்கள். பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை வெட்டும் தொடுமுனை), கேஸ்கெட், தண்ணீர் பம்ப் எல்லாம் கிடைக்கும், பல நேரம் விலையும் குறையும்.

இந்த இன்ஜினை நடுரோட்டில் நிறுத்துவது இரண்டு சாமான்கள். முதலாவது டைமிங் கியர். செயின் இல்லை, பெல்ட் இல்லை. கிராங்க்கின் இரும்புக் கியர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் ஃபைபர் கியரை நேராகச் சுழற்றும். சத்தம் குறைய வேண்டும் என்று ஃபோர்டு ஃபைபர் வைத்தது. வயதாகும்போது அந்த ஃபைபர் நொறுங்கி, பற்கள் உதிரும். பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அணையும், ஸ்டார்ட்டர் சுழற்றும், ஆனால் பிடிக்காது. சந்தேகம் தீர்க்க, சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கிராங்க் சுழன்றும், மூடிக்குள் சுழல வேண்டிய ரோட்டார் அசையாமல் நின்றால் கியர் போயிற்று என்றே கொள்ளலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் சொந்தக் கியரைப் பிடிக்கும் சிறு ஊசி உடைந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதை முதலில் பாருங்கள். மீண்டும் மீண்டும் ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள்.

வரலாறு தெரியாத வண்டியை வாங்கினால் கியரை உடனே மாற்றிவிடுவது நல்லது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கே சொன்ன பழமொழி: கியர் சிறியது, அதை எட்ட ரேடியேட்டர், பெல்ட், கிராங்க் புல்லி, முன் மூடி அனைத்தும் கழல வேண்டும். ஆகவே அதே மூச்சில் முன் ஆயில் சீல், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் கேஸ்கெட்டில் முன் பகுதி மூடியோடு ஒட்டியிருக்கும். கூரிய கத்தியால் பிரித்து எடுங்கள், கிழிந்தால் எண்ணெய் ஒழுகும். புதிய கியரை இரும்பிலோ அலாயிலோ போடலாம். இரும்பு லேசாக ஊளையிடும், ஆனால் நம்பலாம். பழைய கியர் ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் சம்ப்பைக் கழற்றாமல் வேலையை முடிக்கக் கூடாது. ஃபைபர் துகள்கள் ஆயில் சல்லடையை அடைத்துக்கொண்டு, புதிய கியரோடு சேர்த்து பேரிங்குகளையும் கொல்லும்.

இரண்டாவது, ஆயில் பம்பைச் சுழற்றும் அறுகோணத் தண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனையிலிருந்து பம்ப் வரை போகும் பென்சில் கனத்துக் கம்பி. மூலைகள் மழுங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் சுழலும், பம்ப் சுழலாது. இன்ஜின் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அழுத்தமானியின் முள் மட்டும் கீழே படுத்திருக்கும். முள் விழுந்த நொடியே சாவியைத் திருப்பி அணையுங்கள், ஓரம் கட்டுவது உருண்டபடியே நடக்கட்டும்.

தண்டை மாற்றும் முறை: முதல் சிலிண்டரை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்துங்கள். ரோட்டார் எங்கே காட்டுகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் உடல் பிளாக்கில் எங்கே நிற்கிறது, இரண்டையும் பெயின்ட்டால் குறியுங்கள். பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி மெதுவாகத் தூக்குங்கள். கியர் சாய்வெட்டு என்பதால் தூக்கும்போதே ரோட்டார் சற்றுத் திரும்பும். எவ்வளவு திரும்பியது என்பதையும் குறித்துக்கொண்டால் திரும்ப இறக்கும்போது அங்கிருந்து தொடங்கலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: அந்தத் தண்டு எண்ணெய்ப் பசையில் டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒட்டிக்கொண்டு கூடவே மேலே வரும். பாதி வழியில் பிடி விட்டுச் சம்ப்பில் விழுந்தால் பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். மேலே தூக்கும்போதே நீள மூக்குக் குறடால் தண்டைப் பற்றிக்கொள்ளுங்கள். கடினப்படுத்திய புதிய தண்டை இறக்கியபின், டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டும் முன் ஒரு டிரில்லில் அறுகோண சாக்கெட் மாட்டித் தண்டைச் சுழற்றினால் பம்ப் எண்ணெயை ஏற்றிவிடும். பாயிண்ட் இடைவெளி 0.64 மி.மீ. தீப்பொறி வரிசை 1-4-2-5-3-6.

ஆயில் 20டபிள்யூ-50 கனிம எண்ணெய், துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ளது. 3,000 மைலுக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முன்னே வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஓடாத வண்டிக்கு மைல் கணக்கு பொருந்தாது.

சூடு

நீண்ட மூக்குக்குள் ரேடியேட்டருக்கு முன்னால் ஸ்டெப்னி சக்கரம் குந்தியிருக்கிறது. டிக்கியில் இடம் கிடைத்தது, காற்றுக்கு இடம் குறைந்தது. அதனால் மின்விசிறி வேலை செய்தே ஆக வேண்டும். நெரிசலில் முள் ஏறினால் விசிறி ஸ்விட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவையுங்கள். விசிறி சுழன்றால் ஸ்விட்ச் கெட்டது. சுழலாவிட்டால் எர்த்தைப் பாருங்கள், பிறகு மோட்டாரை.

விசிறி நன்றாக இருந்தும் சூடேறினால் பிளாக்கின் உள்ளே வண்டல். வெறும் ரேடியேட்டரை மாற்றிப் பயனில்லை. பிளாக்கின் இரு பக்கமும் உள்ள வடிகால் திருகுகளைத் திறந்தால் தண்ணீர் வராமல் சேறு அடைத்து நிற்பது தெரியும். கம்பியால் குத்தி விட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, மேலிருந்து குழாய்த் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுத் தெளியும்வரை கழுவுங்கள். நிரப்பும்போது ஹீட்டர் வால்வைச் சூட்டில் வையுங்கள், வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்துங்கள், இல்லையேல் காற்று அடைத்துக்கொள்ளும். நீல நிற எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் தண்ணீரோடு பாதிக்குப் பாதி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட் கேஸ்கெட்டுக்குத்தான் போய் முடியும், வி6இல் அது இரண்டு.

முன் சக்கரத்தின் ட்ரனியன்

முன் சஸ்பென்ஷன் பாகங்கள் ட்ரையம்ஃப் டிஆர் ஸ்போர்ட்ஸ் கார் குடும்பத்தவை. இரும்பு நெட்டுக்கம்பியின் கீழ்முனை மரை, ட்ரனியன் என்ற வெண்கலக் கூட்டுக்குள் திருகியிருக்கும். நீங்கள் ஸ்டியரிங் திருப்பும்போது திரும்புவது அந்த மரைதான். உள்ளே காய்ந்தால் துரு, துருவில் கீறல், ஒரு நாள் பார்க்கிங்கில் முழுதாக ஒடித்துத் திருப்பும்போது சக்கரம் அடியில் மடங்கும்.

இதற்குக் கிரீஸா எண்ணெயா என்ற சண்டை முடிந்தபாடில்லை. எண்ணெய்தான் சரி. கிரீஸ் மரைக்குள் இறுகிக் கட்டியாகி, பிறகு போடுவதையும் உள்ளே விடாது. இபி90 கியர் ஆயிலைக் கிரீஸ் துப்பாக்கியில் நிரப்பி, ஜாக்கி போட்டு, சக்கரத்தை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிக்கொண்டே, மேல் சீலில் கசியும்வரை அடியுங்கள். முதலில் பழுப்பு நீர் வரும், அது வெளியே போகட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை. இது பத்து நிமிட வேலை. வாங்கியவுடன் ஒருமுறை நெட்டுக்கம்பிகளைக் கழற்றிச் சிவப்புச் சாயம் ஊற்றிக் கீறல் பாருங்கள். இடதும் வலதும் எதிரெதிர் மரை, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

எர்த் இல்லாத பாடி

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது, ஹெட்லைட் போட்டால் பெட்ரோல் முள் எகிறுகிறது. இவை பேய்வேலை இல்லை. இரும்பு காரில் எங்கே திருகினாலும் எர்த் கிடைக்கும். ஃபைபரில் கிடைக்காது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் சேஸிஸ்வரை ஓட வேண்டும். அதன் முனை ஒன்று பச்சை பிடித்தாலும் மின்சாரம் பக்கத்து விளக்கின் வழியாக வழி தேடும்.

விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் கெட்டது. ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட, பேட்டரி நெகட்டிவிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயர் ஒன்றைப் பின்பக்கம்வரை இழுத்து, அங்கே ஒரே போல்ட்டில் எல்லா எர்த்தையும் கோத்துவிடுவது நல்லது. இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் பட்டையையும் பாருங்கள். அது அறுந்திருந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் அல்லது ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். ஸ்டார்ட் செய்தபின் கேபிள் சுடுகிறதா என்று தொட்டாலே தெரியும்.

ஓவர்டிரைவ், அதாவது நெடுஞ்சாலையில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர், உள்ள வண்டியில் அது வேலை செய்யவில்லை என்றால் கியர்பாக்ஸைக் கழற்றும் முன், அதை இயக்கும் மின்காந்தமான சாலினாய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். பெரும்பாலும் வயரும் ஸ்விட்சும்தான் குற்றவாளிகள்.

பெட்ரோலும் தீயும்

பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இன் தொடக்கத்தோடு பங்க்குகளில் நின்றது. அந்த ஈயம்தான் பழைய ஹெட்டின் வால்வு இருக்கையைக் காத்துவந்தது. ஹெட் எப்போது கழன்றாலும் எக்ஸாஸ்ட் பக்கம் கடின இருக்கைகள் அடித்துவிடுங்கள். அதுவரை ஈயத்துக்கு மாற்றான சேர்மத்தைத் தொட்டியில் ஊற்றுங்கள்.

2021 செப்டம்பரிலிருந்து சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால். சூப்பர் அன்லெடட் என்று விற்கும், ஐந்து சதவீதம்வரை எத்தனால் உள்ள இ5 மட்டும் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை மென்று, அதில் வெடிப்பு விழ வைக்கும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் ஃபைபர் பாடி முழுதும் விறகு. எல்லா பெட்ரோல் ஹோஸ்களையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சிட்டதாகப் பார்த்து மாற்றுங்கள். மாற்றிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஹோஸிலேயே சுற்றுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் 2 கிலோ தீயணைப்பான் இருக்கட்டும்.

பாடி, டயர், காப்பீடு

சிலந்தி வலை போலக் கீறல் தெரிந்தால் அது மேல்பூச்சான ஜெல்கோட்டில் விழுந்தது. புட்டி தடவிப் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் அதே வலை அதே இடத்தில் வரும். கீறலை ‘வி’ வடிவில் அடியிலுள்ள ஃபைபர் பாய் தெரியும்வரை அரைத்தெடுத்து, மெல்லிய ஃபைபர் திசுவை ரெசினில் ஊறவைத்துப் பதித்து, காய்ந்தபின் தேய்த்து, அதற்கு மேல்தான் பிரைமர். வண்டியை வாங்கும் முன்பே பின்கதவின் கண்ணாடியைத் திறந்து மூடிப் பாருங்கள். கீறிய கண்ணாடிக்கு வைத்தியம் கிடையாது.

டயர் 185 எச்ஆர் 14. இன்று அந்த அளவில் வேகத் தரமுள்ள டயர் பழைய கார்களுக்கென்றே செய்வது, விலை கசக்கும். 195/70 ஆர்14 பலர் போடும் மாற்று. பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும், பக்கச் சுவரில் நாலிலக்கத் தேதியைப் படித்தால் இருபது வயது என்று சொல்லும். பத்து ஆண்டு கடந்தால் தூக்கிப் போடுங்கள். பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை.

காப்பீட்டில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்ற வகையையே கேளுங்கள். படங்களும் பில்களும் கொடுத்து மதிப்பை எழுத்தில் வாங்காவிட்டால், விபத்துக்குப் பின் அதை ஐம்பது வயது பழைய கார் என்றுதான் கணக்கிடுவார்கள். மைல் வரம்பு ஏற்றால் பிரீமியம் குறையும். எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை தானாகப் போய்க் காட்டுங்கள். அந்தச் சிறு கட்டணத்துக்கு லிஃப்டும் இன்னொரு ஜோடிக் கண்ணும் கிடைக்கும். சிமிட்டாருக்கே உரிய பாகங்களுக்கு ரிலையன்ட் சேபர், சிமிட்டார் உரிமையாளர் கிளப்பில் சேர்ந்துவிடுவது நல்லது.

தூரப் பயணத்தில் பின் இருக்கைக்கு அடியில் கிடக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், ஒரு செட் பாயிண்ட்டும் கண்டென்ஸரும், ரோட்டார், மேல் ரேடியேட்டர் ஹோஸ், விசிறி ஸ்விட்சை இணைக்க இரண்டு முனையிலும் பின் பூட்டிய ஒரு சாண் வயர், துணியில் சுற்றிய ஓர் அறுகோணத் தண்டு, நீள மூக்குக் குறடு.